வேகத்திற்கு என்ன விலை?

 

கல்லூரிகள் திறக்கும் மாதங்களில் நம் இல்லங்களில் ஒரு புதிய விவாதம் எழுகின்றது. பிள்ளைக்கு மிதிவண்டி வாங்குவதா, வேண்டாமா என்று ஒரு காலத்தில் பேசிய திண்ணைகளில், இன்று மடிக்கணினியின் பிராசஸர் ஐந்தா, ஏழா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த எண்கள் நன்றாகத் தெரிகின்றன. பெற்றோருக்கோ விலைச்சீட்டு மட்டுமே புரிகின்றது. இருவருக்குமிடையே பேச்சு தடித்துப் போவதும் உண்டு.

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் வசிக்கும் ஒரு குடும்பத்தார் அண்மையில் இந்த வினாவை என்னிடம் கொண்டுவந்தனர். தகப்பனார் செங்கம் சாலையில் சிறு கடை வைத்திருப்பவர். மகன் வணிகவியல் பயிலச் சேர்ந்திருக்கின்றார். இரண்டு மடிக்கணினிகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் ஒரே கிராஃபிக்ஸ் கார்டு. ஒரே 8 ஜி.பி. ரேம், ஒரே திரை. ஒன்றில் ஐ5 பிராசஸர், மற்றொன்றில் ஐ7. விலையில் பதினெட்டாயிரம் ரூபாய் வேற்றுமை. “ஏழு இருந்தால்தான் அத்தா, விளையாட்டு தடங்காமல் ஓடும்” என்பது மகனின் வாதம். “ஹஜ்ரத், அந்தப் பணம் எங்கள் கடைக்கு ஒரு மாதச் சரக்கு. இது தேவையா, வீண்விரயமா?” என்பது தகப்பனாரின் வினா.

வினா ஒரு வீட்டினுடையதே ஆயினும், விடை பல வீடுகளுக்கு உரியது. ஆகவே அதனை இம்மாதம் உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விளையாட்டு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வது மார்க்கத்தின் வழியன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதும், பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை அன்னையாரைப் பார்க்கச் செய்ததும் நபிமொழி நூல்களில் பதிவாகியிருக்கின்றன. தொழுகையை விழுங்காத, சூதாட்டம் கலவாத, கண்ணியம் கெடாத விளையாட்டு ஓர் எல்லைக்குள் ஆகுமானதே. அந்த எல்லைக்குள் இருக்கும் ஒரு விளையாட்டுக்காகக் கூடுதலாகச் செலவிடும் தொகை பயன் தருமா என்பதே நம் முன் உள்ள வினா. இதற்கு விடை காண வேண்டுமெனில், அந்தத் தொகை கணினிக்குள் என்ன வேலை செய்கின்றது என்று அறிந்தாக வேண்டும்.

நம் வலீமா விருந்துகளில் பிரியாணி தயாராகும் முறையை எண்ணிப் பாருங்கள். பண்டாரி அளவு சொல்கின்றார். எப்போது அரிசி போடுவது, எப்போது தம் கட்டுவது என்று தீர்மானிக்கின்றார். வேகவைப்பது அடுப்பு. பண்டாரி எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும், அடுப்பு சிறிதாக இருந்தால் தேக்சா தாமதமாகத்தான் இறங்கும். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். மாறாக, அடுப்பு பெரியதாக இருந்து பண்டாரி மந்தமானவராக இருந்தால், நெருப்பு வீணாக எரியும்.

கணினி விளையாட்டில் பிராசஸர்தான் பண்டாரி. பந்து எங்கே விழும், எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான், திரையில் எவை எவை தோன்ற வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது அதன் வேலை. அந்தக் கணக்கின்படி ஒவ்வொரு படத்தையும் வண்ணத்தோடு தீட்டித் தருவது கிராஃபிக்ஸ் கார்டு; அதுவே அடுப்பு. இவ்விரண்டும் அடுத்தடுத்த படங்களின்மீது ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. எது தாமதிக்கின்றதோ, அதன் வேகமே முழு விளையாட்டின் வேகம்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. ஒரு படத்திற்கான கணக்கை முடிக்கப் பிராசஸருக்கு 8 மில்லி வினாடியும், அதைத் தீட்டக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு 14 மில்லி வினாடியும் ஆகின்றன என்று கொள்வோம். படங்கள் 14 மில்லி வினாடிக்கு ஒன்றாக வரும். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 71 படங்கள். இப்போது 20 விழுக்காடு வேகம் கூடிய பிராசஸரை வாங்குகிறோம். அதன் வேலை 8 மில்லி வினாடியிலிருந்து 6.7 ஆகக் குறைகின்றது. ஆனால் தீட்டும் வேலை அதே 14. படங்கள் எத்தனை? அதே 71. கூடுதலாகக் கொடுத்த பணம் திரையில் எங்கும் தென்படவில்லை.

இதையே திருப்பிப் போடுவோம். விளையாட்டு எளிய காட்சிகளைக் கொண்டது; கிராஃபிக்ஸ் கார்டு 5 மில்லி வினாடியில் முடித்துவிடுகின்றது; பிராசஸருக்கு 8 ஆகின்றது. இங்கே வினாடிக்கு 125 படங்கள். வேகமான பிராசஸர் வந்தால் 150 ஆகும். இது மெய்யான இலாபம்தான். ஆயினும் இங்கும் ஒரு நிபந்தனை இருக்கின்றது. மடிக்கணினியின் திரை வினாடிக்கு 60 முறை மட்டும் புதுப்பிக்கப்படுவதாக இருந்தால், கண்ணுக்குக் கிடைப்பது 60 தான். வினாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரையில்தான் அந்த வேற்றுமை ஓரளவேனும் புலப்படும்.

ஆகவே, “எந்தப் பிராசஸர் வேகமானது?” என்று கேட்பதைவிட, “என் பிள்ளை விளையாடும் விளையாட்டில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?” என்று கேட்பதே அறிவுடைமை.

இதைக் காசு செலவின்றி அறிந்துகொள்ள வழியிருக்கின்றது. நண்பர் ஒருவரிடமோ உறவினர் வீட்டிலோ அதே வகைக் கணினி இருந்தால், அதில் அந்த விளையாட்டை ஓடவிட்டு, வினாடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளையாட்டின் அமைப்புகளில் காட்சித் தரத்தையும் திரையின் நுணுக்கத்தையும் நன்கு குறையுங்கள். படங்களின் எண்ணிக்கை சட்டென்று ஏறினால், தடை கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கின்றது. பிராசஸருக்குக் கூடுதல் பணம் தருவதில் பயனில்லை. எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நின்றால், தடை பெரும்பாலும் பிராசஸரில் இருக்கின்றது. அப்போது மகனின் வாதத்தில் நியாயம் உண்டு.

சிலர் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, “பிராசஸர் 40 விழுக்காடுதானே வேலை செய்கின்றது, இன்னும் எவ்வளவோ மிச்சமிருக்கின்றதே” என்பர். அது முழு உண்மையன்று. இன்றைய பிராசஸரில் பல கோர்கள் உண்டு. விளையாட்டின் முக்கியமான கணக்கு ஒரே ஒரு கோரில் ஓடி, அது மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, மற்றவை ஓய்ந்திருக்கலாம். வேலையின் ஒரு பகுதி ஒருவர் கையால்தான் நடந்தாக வேண்டும் என்றால், எத்தனை ஆட்களைச் சேர்த்தாலும் மொத்த நேரம் ஓர் அளவுக்குமேல் குறையாது என்பதை ஜீன் அம்தால் என்னும் அமெரிக்கக் கணினி வல்லுநர் 1967இல் எடுத்துரைத்தார். வெங்காயம் உரிக்கப் பத்துப் பேர் வரலாம். தம் போடும் நேரத்தைப் பத்துப் பேர் சேர்ந்தும் சுருக்க முடியாது. கோர்களின் எண்ணிக்கை மிகுந்த பிராசஸர் எல்லா விளையாட்டுகளிலும் அதே விகிதத்தில் விரைந்து ஓடுவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து, பெயர்கள் செய்யும் மயக்கம். ஐந்தைவிட ஏழு பெரிது என்பது பள்ளிக் கணக்கு. கணினிக் கடையில் அது எப்போதும் செல்லாது. 2022இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட இரண்டு பிராசஸர்களைப் பாருங்கள். ஐ7-1255யு என்பதில் வலிமை மிக்க கோர்கள் இரண்டுதாம். மற்ற எட்டும் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் சிறு கோர்கள். அதன் அடிப்படை மின் அளவு 15 வாட். ஐ5-12450எச் என்பதில் வலிமை மிக்க கோர்கள் நான்கு, சிறியவை நான்கு. அடிப்படை மின் அளவு 45 வாட். கனமான விளையாட்டுக்கு இந்த ‘ஐந்து’ அந்த ‘ஏழை’விடப் பொருத்தமானது. முன்னால் நிற்கும் எண்ணைவிட, பின்னால் வரும் யு, எச் போன்ற எழுத்தே பல வேளைகளில் உண்மையைச் சொல்கின்றது.

கிராஃபிக்ஸ் கார்டிலும் இதே மயக்கம் இருக்கின்றது. என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ் 4060 என்னும் மடிக்கணினி வகை, 35 வாட் முதல் 115 வாட் வரை வெவ்வேறு மின் அளவுகளில் பொருத்தப்படுகின்றது. பெட்டியின்மேல் ஒரே பெயர். உள்ளே ஆற்றலில் பெரும் வேற்றுமை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், உள்ளூரிலேயே வாங்கினாலும், “இதில் கிராஃபிக்ஸ் எத்தனை வாட்?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் சொல்ல முடியாவிட்டால், மாதிரி எண்ணைக் குறித்துவந்து, தயாரித்த நிறுவனத்தின் விவரப் பட்டியலில் பாருங்கள்.

திருவண்ணாமலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. அது வெயில். சூடான பொருளிலிருந்து காற்றுக்கு வெப்பம் வெளியேறும் அளவு, இரண்டிற்கும் இடையே உள்ள வெப்பநிலை வேற்றுமையைப் பொறுத்தது. மடிக்கணினிகளில் வரும் இன்டெல் எச் வகைப் பிராசஸர்கள் பல, 100 டிகிரியை எட்டும்போது, தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. 25 டிகிரி குளிர்ந்த அறையில் இருந்தால் வேற்றுமை 75 டிகிரி. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொட்டுவிட்ட அறையில் அது 60 டிகிரிதான். அதே விசிறி வெளியேற்றும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. பெரும்பாலான விளையாட்டு மடிக்கணினிகளில் பிராசஸரும் கிராஃபிக்ஸும் வெப்பத்தைக் கடத்தும் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று கூடுதலாகச் சூடேறினால் மற்றொன்றின் பங்கையும் உண்ணும். குளிரூட்டிய அறையில் அளந்து வெளியிடப்படும் வேகம், மலையடிவாரத்து ஓட்டு வீட்டில் சித்திரை மாதப் பிற்பகலில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. வெயிலுக்கு முதலில் இரையாவது, நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அந்த மேல்வேகமே.

மின்சாரம் நின்றால் பேட்டரியில் விளையாடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. பேட்டரியில் ஓடும்போது இவ்வகைக் கணினிகள் முழு ஆற்றலைத் தருவதில்லை. ஐந்தாயினும் ஏழாயினும், அப்போது இரண்டும் அடங்கியே நடக்கும்.

அப்படியானால் வேகமான பிராசஸர் எவருக்குமே வேண்டாமா? அவ்வாறு நான் சொல்லவில்லை. வாலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் காட்சிச் சுமை குறைவு, படங்களின் எண்ணிக்கை மிகுதி. அங்கே பிராசஸரின் பங்கு பெரிது. நகரத்தைக் கட்டி ஆளும் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் போன்ற விளையாட்டுகளில் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கும் மக்களுக்கும் கணக்குப் போட வேண்டியிருப்பதால் அங்கும் அப்படியே. விளையாட்டுக்கு அப்பால், காணொளித் தொகுப்பு செய்து பொருளீட்டும் பிள்ளைக்கும், மென்பொருள் எழுதிப் பழகும் பிள்ளைக்கும் வேகமான பிராசஸர் ஒவ்வொரு நாளும் நேரத்தை மிச்சப்படுத்தும். மேலும், மடிக்கணினியில் பிராசஸர் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கின்றது. பின்னாளில் மாற்ற இயலாது. ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் பல மாதிரிகளில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருக்கப் போகும் கணினிக்கு, பண வசதி உள்ளவர் ஒரு படி மேலானதைத் தேர்ந்தெடுப்பதில் பிழையில்லை.

ஆனால் அந்த வசதி நமக்கு இருக்கின்றதா? நம் இமாம்கள் வகுத்துத் தந்த ஓர் அளவுகோல் இங்கே கைகொடுக்கின்றது. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், ஹிஜ்ரி 790இல் மறைந்த கிரனாடாவின் இமாம் ஷாதிபி (ரஹ்) அவர்களும் மனிதனின் நலன்களை மூன்று படித்தரங்களாக வகுத்தனர். இல்லாவிட்டால் வாழ்வே குலைந்துபோகும் என்பவை ளரூரிய்யாத். இல்லாவிட்டால் சிரமம் உண்டாகும் என்பவை ஹாஜிய்யாத். இருந்தால் வாழ்வை அழகுபடுத்தும் என்பவை தஹ்ஸீனிய்யாத். மேற்படியில் உள்ளதற்காகக் கீழ்ப்படியை இடிக்கலாகாது என்பது அதன் சாரம்.

கல்லூரி மாணவருக்குக் கணினி இன்று இரண்டாம் படியில் இருக்கின்றது, இல்லாவிட்டால் சிரமம்தான். விளையாட்டு மூன்றாம் படி. நன்றாக ஓடும் விளையாட்டை இன்னும் சற்று வேகமாக ஓட்டுவதற்கான செலவோ, அந்த மூன்றாம் படியின்மேல் வைத்த அலங்காரம். கடையின் சரக்கு, முதற்படியாகிய ஜீவனத்தைச் சேர்ந்தது. ஒரு மாதச் சரக்கை எடுத்து அலங்காரத்தில் போடுவது, அஸ்திவாரக் கல்லைப் பெயர்த்துக் கைப்பிடிச் சுவருக்கு வைப்பது போலாகும். அதே செலவை, வேறு கடமைகள் எதுவும் நிலுவையில் இல்லாத செல்வந்தர் ஒருவர் செய்தால், அது இஸ்ராஃப் என்று உடனே தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை. பொருள் ஒன்றே, அது எந்தப் படியிலிருந்து எடுக்கப்படுகின்றது என்பதில்தான் தீர்ப்பு மாறுகின்றது.

“கையில் பணம் இல்லாவிட்டால் என்ன, மாதத் தவணையில் வாங்கிக்கொள்ளலாமே; அதுவும் வட்டியில்லாத் தவணை என்கிறார்களே!” என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். பெற்றோரே, இங்கே சற்று நில்லுங்கள். வட்டி விகிதம் பூஜ்யம் என்ற எண்ணமே மெய்யில் இல்லாத ஒன்று என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியிருக்கின்றது. கடன் அட்டையில் இத்தகைய தவணையை எடுத்தால், பொருளின் விலையில் ஒரு தள்ளுபடியைத் தந்துவிட்டு, அதையே வட்டியாகக் கணக்கில் எழுதி வசூலிக்கும் முறை வழக்கத்தில் உள்ளது. அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் விதிக்கப்படுகின்றது. வியாபாரி தம் சொந்தப் பொருளை ஒரு விலை பேசி முடித்துத் தாமே தவணையில் பெற்றுக்கொள்வது வேறு. வங்கி கடன் கொடுத்து அதன்மேல் வட்டி பெறுவது வேறு. முன்னதற்கு ஃபிக்ஹ் நூல்களில் இடமுண்டு. பின்னது எத்தகையது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டின் வேகத்தைக் கூட்டுவதற்காக ரிபாவின் வாசலை மிதிக்க வேண்டுமா? ஐயமிருப்பின் பற்றுச்சீட்டையும் தவணை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் மஹல்லா ஆலிமிடம் செல்லுங்கள்.

வாங்குமுன் கல்லூரியிலும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தம் பிள்ளை அப்பட்டியலில் வருகின்றாரா என்று அறியாமல் சொந்தப் பணத்தைச் செலவிடுவது விவேகமன்று. படிப்புக்கான கணினி கிடைத்துவிட்டால், விளையாட்டுக்கான செலவை அவசரமின்றிப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

நான் அந்தக் குடும்பத்தாருக்குச் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்லிவிடுகின்றேன். அந்த மாணவர் விரும்புவது கனமான காட்சிகள் கொண்ட கார்ப் பந்தயமும் கால்பந்தும். அங்கே தடை கிராஃபிக்ஸில்தான் இருக்கும். அதுவோ இரண்டு கணினிகளிலும் ஒன்றே. ஆகவே ஐ5 உள்ளதையே வாங்குக. அதில் இன்னொரு ரேமுக்கு இடமிருக்கின்றதா என்று பார்த்து, இருந்தால் மற்றோர் 8 ஜி.பி.யைச் சேர்த்துக்கொள்க. ஒற்றை ரேமைவிட இணையாக இரண்டு இருப்பது பிராசஸருக்கும் நல்லது. பல செயல்களை ஒருங்கே திறந்து வைக்கும் மாணவருக்கும் நல்லது. மிஞ்சும் பணம் கடைக்குத் திரும்பட்டும். மகனே வாலரண்ட் ஆடுபவராகவும், திரை 144 வகையாகவும், தகப்பனாரின் கையில் உபரிப் பணமாகவும் இருந்திருந்தால் என் விடை வேறாக இருந்திருக்கும்.

இதைச் சொல்லும்போது பிள்ளையின் ஆசையை ஏளனம் செய்யாதீர்கள். “உனக்கு என்ன தெரியும்” என்று வாயடைப்பதைவிட, அவரையே அந்தச் சோதனையைச் செய்து எண்களைக் குறித்துவரச் சொல்லி, தாயும் தகப்பனும் மகனும் அமர்ந்து மஷ்வரா செய்யுங்கள். தம் கையால் அளந்தறிந்த உண்மையைப் பிள்ளைகள் எளிதில் ஏற்கிறார்கள். கடையின் வரவு செலவையும் அப்போது அவருக்குக் காட்டுங்கள். வணிகவியல் மாணவருக்கு அதைவிடச் சிறந்த முதற்பாடம் ஏது?

ரமணாசிரமம் பகுதிக்குத் தொலைதூர நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து தங்குகிறார்கள். 1896இல் இம்மலைக்கு வந்து, 1950இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ரமணர், ஒரு கோவணமும் ஒரு கமண்டலமுமே உடைமையாக இருந்தவர் என்பதை அண்டை வீட்டாராகிய நாமும் அறிவோம். நம் மார்க்கம் துறவறத்தை நமக்கு விதிக்கவில்லை. குடும்பத்தோடு வாழ்ந்து, ஆகுமானவற்றை அனுபவித்து, போதும் என்ற மனத்தைப் பெறுவதையே அது கேட்கின்றது. அதற்குக் கனாஅத் என்று பெயர். ஆண்டுதோறும் ஒரு புது எண்ணோடு வரும் பிராசஸரை எட்டிப் பிடிக்க ஓடுபவனுக்கு அது ஒருநாளும் வாய்க்காது. தன் தேவையை அளந்து வாங்கியவனுக்கு வாங்கிய அன்றே வாய்த்துவிடும்.

வாலிபத்தை எதில் கழித்தாய், பொருளை எவ்வழியில் ஈட்டி எவ்வழியில் செலவிட்டாய் என்று மறுமையில் வினவப்படுவோம் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. ஒரு மடிக்கணினி வாங்கும்போது பிள்ளையின் வாலிபமும் தகப்பனின் பொருளும் ஒருங்கே அந்த வினாவிற்குள் வந்துவிடுகின்றன. நம் பிள்ளைகளின் பொழுதைப் பயனுள்ளதாகவும், நம் செலவுகளை நடுநிலையானதாகவும் ஆக்கி, வட்டியின் நிழல்கூடப் படாத வாழ்வை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.